கள்ளக்கடல்: உயரத்தைப் பார்க்காதீர்கள், நொடியை எண்ணுங்கள்

சித்திரை வெயில். வானத்தில் மேகம் ஒரு துண்டுகூட இல்லை. காற்றும் பெரிதாக இல்லை, தென்னை ஓலை அசைவதே தெரியவில்லை. இப்படிப்பட்ட நாளில்தான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் கடல் திடீரென்று ஏறி, வள்ளங்கள் கிடக்கும் மணல்மேட்டைத் தாண்டி, வீட்டு முற்றத்துக்குள் நுழையும். மழை, இடி, புயல் என்று வானத்தை வைத்தே கடலை எடைபோட்டுப் பழகியவர்களுக்கு இதை நம்பவே முடியாது. அதனால்தான் கேரளக் கரையிலும் நம் குமரிக் கரையிலும் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வந்தது. கள்ளனைப் போல, வரும் தடம் காட்டாமல் வரும் கடல். மீனவர் வாயில் புழங்கிய இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவும் அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த நாட்கள். எச்சரிக்கை இருந்தும் இப்படி நடக்கிறது என்றால், அதை எப்படிப் படிப்பது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். செய்தியில் 'அலை உயரம் 0.5 முதல் 1.5 மீட்டர் வரை' என்கிற அளவில்தான் போட்டிருப்பார்கள். ஒன்றரை மீட்டர் என்பது ஓர் ஆள் உயரத்தைவிடக் குறைவு. அதைப் படித்தவர்கள் 'இவ்வளவுதானே' என்று நினைப்பதில் வியப்பில்லை. அதே செய்தியில் நொடிக் கணக்கு ஒன்றும் இருக்கும். ஒரு அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரம் அது. ஆபத்தின் அளவைச் சொல்வது அந்த எண்தான்.

இந்த அலைகள் பிறக்கும் இடம் நமக்கு மிகத் தொலைவு. தென் அட்சரேகை 40 முதல் 60 பாகை வரை உலகைச் சுற்றி ஏறத்தாழ முழுவதும் கடல்தான். காற்றை மறிக்க அங்கே பெரிய நிலம் அநேகமாகக் கிடையாது. ஒரு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு அந்தப் பகுதியில் நகரும்போது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே திசையில், நாள்கணக்கில் பலத்த காற்று வீசும். அப்போது எழும் அலைகளில் சிறியவை வழியிலேயே அடங்கிவிடும். நீளமானவை மட்டும் வடக்கே கிளம்பி, கிட்டத்தட்ட தேய்மானமே இல்லாமல் நம் கரை வரை வரும். 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் பல ஊர்களில் கடல் ஏறியதே, அதற்குக் காரணம் மார்ச் 23 வாக்கில் தென் அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பித் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்த ஒரு தாழ்வு நிலை என்று இன்காய்ஸ் விளக்கியது. தூரம் சுமார் 10,000 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆழ்கடலில் ஒரு அலைக்கூட்டம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகரும் என்று தெரிய, அதன் நொடிக் கணக்கை 2.8-ஆல் பெருக்குங்கள். 20 நொடி அலை மணிக்கு 56 கிலோமீட்டர். 16 நொடி அலை 45. 10 நொடி அலை வெறும் 28. 10,000 கிலோமீட்டரை 56-ஆல் வகுத்தால் 179 மணி நேரம், ஏழரை நாள். மார்ச் 23-க்கும் 31-க்கும் இடையே உள்ள 8 நாளோடு கணக்கு ஒத்துப்போகிறதா இல்லையா! வெகு தொலைவிலிருந்து வருவதில் ஒரே நன்மை இதுதான்: எச்சரிக்கைக்கு நாள்கணக்கில் அவகாசம் இருக்கிறது.

நீண்ட அலை வேகமாக வரும் என்பதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. கரைக்கு முதலில் வந்து சேர்வது கூட்டத்தில் மிக நீளமானவை. ஆனால் அவை உயரம் குறைந்தவை. தண்ணீர் சோம்பலாக ஏறி, வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துத் திரும்பும், அவ்வளவுதான். கூட்டத்தின் நடுப்பகுதி, அதாவது உயரமும் நீளமும் சேர்ந்த பகுதி, ஒரு நாளோ ஒன்றே கால் நாளோ கழித்து வரும். 10,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் 20 நொடி அலைக்கும் 17 நொடி அலைக்கும் இடையே 31 மணி நேரம் பிந்தும். 'எச்சரிக்கை சொன்னாங்க, ஒண்ணும் வரலையே' என்று முதல் நாள் சாயங்காலம் வலையைத் திரும்பக் கீழே இறக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

சரி, நொடி கூடினால் கரையில் என்ன ஆகும்? நொடிக் கணக்கை அதே நொடிக் கணக்கால் பெருக்கி, மறுபடி 1.56-ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 9 நொடி அலைக்கு 126 மீட்டர். 18 நொடி அலைக்கு 505 மீட்டர். நொடி இரண்டு மடங்கானால் நீளம் நான்கு மடங்கு. தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததுமே அலை கடலடித் தரையை உணரத் தொடங்கும். ஆகவே 18 நொடி அலை 250 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட்டுவிடுகிறது. கரை வரும் வரை வேகம் குறைந்து குறைந்து, உயரம் கூடிக்கொண்டே வரும். கடலில் 1 மீட்டராக இருந்த 18 நொடி அலை கரையில் உடையும் இடத்தில் ஏறத்தாழ 2 மீட்டர். ஒன்றரை மீட்டராக இருந்தது 2.7 மீட்டர். அதே 1 மீட்டர் உயரத்தில் 8 நொடி அலை வந்தால் 1.4 மீட்டரில் நின்றுவிடும்.

உடைந்த பிறகு மணலில் எவ்வளவு மேலே ஏறும் என்பதிலும் நொடிதான் பேசுகிறது. உயரம் மாறாமல் நொடி மட்டும் இரட்டித்தால், ஏற்றமும் ஏறத்தாழ இரட்டிக்கும். அலைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரின் அளவு அவ்வளவு அதிகம். 8 நொடி அலையில் தண்ணீர் ஏற நாலு நொடிதான் கிடைக்கும். அதற்குள் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? 18 நொடி அலை ஏறிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர் 'இதோ நின்றுவிடும்' என்று எதிர்பார்க்கும் கோட்டைத் தாண்டியும் ஏறும்.

நொடியை எண்ணுவது எளிது, கைக்கடிகாரம் போதும். கரையிலிருந்து தள்ளி, மேட்டில் நின்றுகொள்ளுங்கள். அலை உடையும் இடத்துக்கு வெளியே அசையாத ஒரு அடையாளம் வேண்டும்: தண்ணீருக்கு மேல் தெரியும் பாறை, நங்கூரமிட்ட மிதவை, தூண்டில் வளைவின் முனை. (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்தடுப்பை இங்கே தூண்டில் வளைவு என்பார்கள்.) ஒரு முகடு அந்த அடையாளத்தைத் தாண்டும்போது 'பூஜ்யம்' என்று தொடங்கி, பத்தாவது முகடு தாண்டும்போது நேரத்தைப் பாருங்கள். 170 நொடி ஆகியிருந்தால் 17 நொடி அலை. அநேகர் செய்யும் தவறு முதல் முகட்டையே 'ஒன்று' என எண்ணுவது; பத்து எண்ணும்போது ஒன்பது இடைவெளிதான் இருக்கும், கணக்குக் குறைந்துவிடும். இன்னொரு தவறு மணலில் ஏறும் நுரையை எண்ணுவது. அங்கே ஒரு அலை திரும்பும்போது அடுத்ததை விழுங்கிவிடும், எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல. உள்ளூர்க் காற்று கிளப்பும் சிற்றலைகள் மேலே ஓடிக்கொண்டிருந்தால் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, அடியில் கோடு கோடாக நகரும் அகன்ற மேடுகளை மட்டும் பிடிக்க வேண்டும். மூன்று தடவை எண்ணி நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் 8 முதல் 12 வரை வரும். 15-ஐத் தாண்டினால் கவனம். 18 என்றால் அன்றைக்குக் கடலில் கால் நனைக்க வேண்டாம், உயரம் என்னவாக இருந்தாலும் சரி.

கடலுக்குப் போகும் இளைஞர்கள் பலர் விண்டி என்னும் வானிலைச் செயலியைப் பார்க்கிறார்கள். அதில் காற்று அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டால் கள்ளக்கடல் தெரியவே தெரியாது, ஏனென்றால் இங்கே காற்று இல்லை. தொலைவிலிருந்து வரும் அலைகளுக்குத் தனி அடுக்கு இருக்கிறது. அதைத் திறந்து, கரைமேல் குத்தாமல் 20, 30 கிலோமீட்டர் கடலுக்குள் புள்ளியை வைத்து, உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நொடியைப் படியுங்கள். இன்காய்ஸின் சமுத்ரா செயலியில் எச்சரிக்கை மாவட்ட வாரியாகவே கிடைக்கும். குமரி மாவட்டத்துக்கு 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று வரும்.

அந்த எச்சரிக்கையில் உள்ள நேரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் 2.30, 5.30, 11.30 என்றே இருக்கும். கணினி மாதிரிகள் உலகப் பொது நேரப்படி மூன்று மணிக்கு ஒருமுறை கணக்குப் போடுகின்றன; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதால் இந்த அரை மணிகள் வருகின்றன. 'இரவு 11.30 வரை' என்றால் 11.31-க்குக் கடல் அடங்கிவிடும் என்று பொருளில்லை. முன்னும் பின்னும் ஆறு மணி நேரமாவது சேர்த்துக்கொள்வது நல்லது. அந்த நேரப் பரப்புக்குள் எது மிக மோசம் என்று கண்டுபிடிக்க ஓத அட்டவணை (கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல்) வேண்டும். நம் பக்கம் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. ஆனால் மணல்மேட்டின் உச்சிக்கும் தண்ணீருக்கும் உள்ள மிச்ச இடைவெளியும் அவ்வளவுதான் இருக்கும். ஏற்றம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி முன், இரண்டு மணி பின் என்று நான்கு மணி நேரம் விழித்திருக்க வேண்டிய நேரம். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டு நாட்கள் என்றால் இன்னும் கூடுதல். பகல் ஏற்றத்தில் தண்ணீர் மேட்டின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியிருந்தால், இரவு ஏற்றத்துக்கு முன்பே குழந்தைகளையும் முதியவர்களையும் உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு இருட்டில் செய்ய வேண்டிய வேலை அல்ல அது.

ஏன் பெரும்பாலும் ஏப்ரல், மே? தெற்கே குளிர்காலம் தொடங்கும் நேரம்; அங்கே புயல்கள் வலுக்கின்றன. ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்றின் சொந்த அலைகளே கரையை அடிக்கும், அதற்குள் எல்லோரும் தயாராகியிருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் யாரும் தயாராக இல்லை. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமே ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது; வள்ளமும் வலையும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே கிடக்கும். போதாக்குறைக்குப் பள்ளி விடுமுறை. கன்னியாகுமரிக்கும் முட்டத்துக்கும் சொத்தவிளைக்கும் கூட்டம் கூட்டமாகக் கடலில்லாத ஊர்களின் மக்கள் வருகிறார்கள். கடல் ஏறும் காலமும் கடலைத் தெரியாதவர்கள் கரைக்கு வரும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. உயிரிழப்புக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய துன்பமும் அல்ல. 1987 ஏப்ரலில் மாலே நகரத்துக்குள் கடல் புகுந்தது இந்தத் தெற்கத்திய அலைகளால்தான். இன்று அந்தத் தீவைச் சுற்றி நிற்கும் தடுப்பு ஜப்பான் உதவியோடு அதன் பிறகு எழுந்தது. 2007 மே மாதம் ரியூனியன் தீவை அறைந்த அலைகள் அடுத்த சில நாட்களில் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போய்ச் சேர்ந்தன. பாக் நீரிணைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தெற்கிலிருந்து வரும் அலையை இலங்கையும் ராமர் பாலத்து மணல்திட்டுகளும் மறித்துவிடுகின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரைகளுக்கு, தென்மேற்கு சாய்ந்து வரும் அலை வீச்சுக் குறைந்து வந்தாலும் வரும்.

குமரிக் கரையில் 2004 டிசம்பர் 26 யாருக்கும் மறக்கவில்லை. கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் போன உயிர்கள் எத்தனை! ஆகவே கடல் உள்வாங்கினால் ஊர் ஓடுகிறது. ஓடுவது சரி. கள்ளக்கடலிலும் பெரிய அலைக்கு முன் தண்ணீர் பின்வாங்கும். ஆனால் அது பத்து, இருபது நொடிக்குள் திரும்பிவிடும், மறுபடி வாங்கும், மறுபடி வரும். சுனாமியின் ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. எனவே தண்ணீர் போய் ஒரு நிமிடத்துக்கு மேல் திரும்பவில்லை என்றாலோ, நில அதிர்வு உணரப்பட்டிருந்தாலோ, இது எது என்று நின்று ஆராயாமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். தவறாக ஓடியதால் நட்டம் ஒன்றுமில்லை. உள்வாங்கிய கடலில் இறங்கிச் சிப்பி பொறுக்குவதும் படம் எடுப்பதும்தான் இரண்டு சந்தர்ப்பத்திலும் உயிரை வாங்குவது.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாத முக்கியமான சங்கதி, பெரிய அலைகள் கூட்டமாக வரும் என்பது. பத்துப் பதினைந்து நிமிடம் கடல் அமைதியாக இருக்கும். பிறகு ஐந்து, ஆறு பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் ஆள் இறங்குகிறார். குறைந்தது 20 நிமிடம் தள்ளி நின்று பார்க்காமல் எந்தப் பாறையிலும் தூண்டில் வளைவுக் கல்லிலும் ஏறக்கூடாது. நேரமில்லை என்றால் கல்லின் நிறத்தையாவது பாருங்கள். உலர்ந்த கல் வெளிறி, உப்புப் பூத்துக் கிடக்கும். கறுத்து ஈரமாக இருக்கும் கல்லுக்கு இன்றைக்குக் கடல் வந்துபோயிருக்கிறது. பச்சைப் பாசி படிந்திருந்தால் அடிக்கடி வருகிறது. ஈரக்கோட்டுக்கு மேலும் இரண்டு ஆள் உயரம் விட்டு நிற்பதுதான் பாதுகாப்பு.

மணலிலும் இதே கதைதான். நம் கரை பல இடங்களில் சரிவு அதிகமான கரை. முழங்கால் அளவுத் தண்ணீர் ஏறினாலே போதும், அது திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருக்கும் மணலைச் சுரண்டிக்கொண்டு போகும், ஆள் விழுவார், விழுந்தவரைச் சரிவு இழுத்துக்கொண்டுபோய் அடுத்த அலை உடையும் இடத்தில் சேர்க்கும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. கைகோத்து நிற்பதால் பயனில்லை. ஒருவர் விழுந்தால் சங்கிலி முழுவதும் போகும்.

ஒருவர் இழுக்கப்பட்டுவிட்டால், நீந்தத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகப் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் எதையும் எறியுங்கள்: மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன், லாரி ட்யூப், தெர்மோகோல் ஐஸ் பெட்டி, கயிறு. கண்ணை அவர்மேலிருந்து எடுக்காமல் ஒருவர் கைகாட்டிக்கொண்டே நிற்க வேண்டும், மற்றவர் அழைக்க வேண்டும்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. உள்ளே இருப்பவர் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் மல்லாந்து மிதந்து, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். மேலே கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நம் ஊர்களில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வயிற்றுத் தண்ணீர் தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் போகும், பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை மூச்சு கொடுத்து, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றி. அழுத்தம் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120.

இனி வள்ளங்கள். மேலே ஏற்றும்போது, கடைசியாகக் கடல் ஒதுக்கிய சருகும் பாசியும் கிடக்கும் கோட்டைத்தான் எல்லோரும் எல்லையாகக் கொள்வார்கள். அது 10 நொடி அலையின் எல்லை. அதற்கும் மேலே, மேட்டின் உச்சியையும் தாண்டி உள்ளே கொண்டுபோக வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் வலை, அடுத்து எஞ்சின், மூன்றாவதாக மண்ணெண்ணெய் கேன், கடைசியில் வள்ளம். வலையை முதலில் சொல்வதற்குக் காரணம், அலை இழுத்த வலை மணலுக்குள் புதைந்துவிடும்; தோண்டி எடுக்கும்போது கிழியும். 9.9 குதிரைத்திறன் எஞ்சின் 40 கிலோ அளவில்தான் இருக்கும், இரண்டு பேர் போதும். உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பழுது பார்க்கும் செலவு தலைக்கு மேல் போகும். வள்ளத்தை முன்னணியம் (முன்முனை) கடலைப் பார்க்க நிறுத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுங்கள். ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய வள்ளங்கள் மோதியே உடைகின்றன. கரை விளிம்பில் நிற்கும் தென்னையில் கட்டாதீர்கள். வேருக்கு அடியில் மணல் போனால் மரமே வள்ளத்தின் மேல் விழும்.

துறைமுகத்துக்குள் கட்டியிருக்கும் விசைப்படகுகளுக்கு வேறு ஆபத்து. உள்ளே அலை உடையாது, ஆனால் நீண்ட அலையின் ஏற்ற இறக்கம் தண்ணீர் முழுவதையும் முன்னும் பின்னும் ஊசலாட்டும். இறுக்கிக் கட்டிய கயிறு அறுந்துபோகும். நீளும் தன்மை உள்ள நைலான் கயிற்றில், முன்னும் பின்னும் இரண்டிரண்டு கட்டாக, கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டி, படகுகளுக்கு இடையே இடம் விட்டு, பக்கங்களில் பழைய டயர் தொங்கவிடுங்கள்.

கடலில் இருக்கும்போது எச்சரிக்கை கேட்டவர்கள் அவசரப்பட்டுக் கரைக்கு ஓடிவர வேண்டியதில்லை. ஆழத்தில் இந்த அலை வள்ளத்தை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும், தெரியக்கூடச் செய்யாது. உயிர் போவது முகத்துவாரத்திலும் மணல்திட்டின் மேலும்தான். வெளியே நின்று குறைந்தது இரண்டு கூட்டம் பெரிய அலைகள் போவதைக் கவனித்து, ஏற்றம் தணியும் நேரம் பார்த்து, கூட்டத்தின் கடைசி அலைக்குப் பின்னால் நுழைய வேண்டும். எரிபொருளும் தண்ணீரும் இருந்தால் காத்திருப்பதே நல்லது.

வீட்டைக் காக்க மணல் மூட்டை அடுக்குவதில் நடக்கும் பெரிய பிழை, மணலை வீட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டிலிருந்தே அள்ளுவது. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே அரண் அது. மணலை வீட்டின் பின்புறத்திலிருந்தோ வெளியிலிருந்தோ கொண்டுவாருங்கள். 25 கிலோ அரிசிச் சாக்கு என்றால் பாதிக்குச் சற்று மேல் வரை நிரப்பினால் போதும், 25 கிலோ அளவில் இருந்தால் ஒரு ஆளே தூக்கலாம். கழுத்து வரை நிரப்பி இறுக்கிக் கட்டிய மூட்டை உருண்டையாக நிற்கும், இரண்டு மூட்டைக்கு நடுவே சந்து விழும், தண்ணீர் அதில் பீறிட்டு வரும். தளர்வாக நிரப்பி, வாயைக் கட்டாமல் அடியில் மடித்து வைத்து, காலால் மிதித்துத் தட்டையாக்கிவிட்டு அடுத்ததை அதன்மேல் பாதி ஏறும்படி வையுங்கள். செங்கல் கட்டுவது போல மேல் வரிசையின் மூட்டை கீழ் வரிசையின் இணைப்பை மூட வேண்டும். அடியில் தார்ப்பாய் விரித்து, அதன் மிச்சத்தைக் கடல் பக்கம் மேலே இழுத்துவிட்டால் கசிவு குறையும். இது முழங்கால் அளவுக்கு ஓடிவரும் தண்ணீரைத் திருப்பும். நேராக உடையும் அலையைத் தாங்காது. அப்படி உடையும் தூரத்தில் வீடு இருந்தால் மூட்டை அடுக்கும் நேரத்தில் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்து, பின்வாசலைத் திறந்து வையுங்கள். உள்ளே புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழி இல்லையென்றால் சுவரைத் தள்ளும்.

அலைத்தடுப்புச் சுவர் இருக்கும் ஊர்களில் இதே பிரச்சினை பெரிய அளவில் வருகிறது. சுவரைத் தாண்டி விழுந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். வடிகால் வாய்கள் மணலால் அடைபட்டுள்ளனவா என்பதை மார்ச் கடைசியில் ஒருமுறை பார்த்துவிடுவது ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. தூண்டில் வளைவு வரிசை முடியும் இடத்துக்கு அடுத்த ஊர்க்காரர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அங்கே மணல் வரத்துக் குறைந்து கரை ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும்.

கடல் இறங்கிய பிறகு கிணறு. உப்பேறிவிட்டதே என்று மோட்டார் போட்டுத் திரும்பத் திரும்ப இறைக்கத்தான் கை போகும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் அப்படி இறைத்த கிணறுகள் பலவற்றில் உப்புக் குறைவதற்குப் பதில் கூடியது, சில கிணறுகள் இடிந்தும் போயின. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேல்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், அடியிலிருக்கும் உவர்நீர் எல்லை காலப்போக்கில் 4 மீட்டர் வரை மேலேறக்கூடும். ஆகவே வாளியால் மெதுவாக, ஒன்றிரண்டு முறை மட்டும் இறைத்து, விழுந்த குப்பையையும் சேற்றையும் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டாமல் கடல் பக்கம் ஓடவிட வேண்டும். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். மேற்குக் கரையில் ஜூன் மழை பெரும்பாலும் அதிக நாள் காக்கவைக்காது. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வெளித் தண்ணீர்தான்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. தண்ணீர் சுவரில் எதுவரை வந்தது என்ற ஈரத்தடம் காய்ந்துபோகும் முன், அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தேதியும் மணியும், முடிந்தால் அன்று எண்ணிய நொடியும் எழுதிவையுங்கள். வாசற்படியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து ஒரு நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏப்ரலில் '17 நொடி, 1.2 மீட்டர்' என்று எச்சரிக்கை வரும்போது, அந்தக் கோட்டைப் பார்த்தே சாமானை எந்தத் தட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்யலாம்.